சிவப்பு மணி, பச்சை மணி

அறிவுக்கு ஆரம் சூட்டி, அன்புக்கு அரியணை தந்து, இந்த அவையின் நடுநாயகமாக வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையில் மூக்குக் கண்ணாடியும் முறுவலுமாக அமர்ந்திருக்கும் மூத்த ஆசிரியப் பெருமக்களே! பிள்ளைகளை மடியிலும் பெருமையை முகத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! தாய்மார்கள் சொன்ன ஒரே காரணத்தால் தவறாமல் வந்து சேர்ந்திருக்கும் தந்தைமார்களே! கண்காட்சி மேசைகளுக்குப் பின்னால், காட்டுவதற்கு ஆயிரம் வைத்துக்கொண்டு, 'இந்த ஆள் எப்போது பேசி முடிப்பான்' என்று காத்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் ஒவ்வொருவர் முன்னும் என் இரு கரங்களும் ஒன்றாய்க் குவிகின்றன.

'கற்பித்தல் துணைக்கருவிகள்: நேற்றும் இன்றும்' என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. தலைப்பு பெரிது; நான் சிறியவன். நான் ஆசிரியன் அல்லன், ஆய்வாளன் அல்லன், பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் பறக்கவிடும் பேராசிரியனும் அல்லன். நான் கடைக்காரன். பள்ளிகளுக்குக் கருவி விற்கும் கடைக்காரன். உலக உருண்டை வேண்டுமா? என்னிடம் உண்டு. உடலுறுப்புப் படம் வேண்டுமா? உண்டு. சாக்பீஸ், டஸ்டர், சுருட்டி வைக்கும் வரைபடம், சுழற்றி விடும் சூரியக் குடும்பம், தொட்டால் துள்ளும் தொடுதிரை, அத்தனையும் உண்டு. உலகையே உருண்டையாக்கி உறையிலிட்டு விற்பவன் நான்! ஆனால் வீட்டில் என் பேச்சுக்கு விலை இல்லை. யார் அங்கே சிரிப்பது? திருமணமானவர்கள்தானே? சிரியுங்கள், சிரியுங்கள்.

என் தொழிலில் சுவைக்குப் பஞ்சமே இல்லை. ஒருமுறை ஒரு பள்ளிக்கு எலும்புக்கூடு கொண்டுபோக வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் எலும்புக்கூடுதான், தாய்மார்கள் பயப்பட வேண்டாம். வண்டி வரவில்லை. என்ன செய்வேன்? என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து, இடுப்போடு இடுப்பாகக் கயிறு கட்டி, அதன் இரண்டு கைகளையும் என் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் கைகாட்டி நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பின்னால் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். "ஏங்க, பின்னாடி இருக்கவருக்கு ஹெல்மெட் எங்க?" என்றார். "அவருக்கு இனிமே என்னங்க ஆகப்போகுது?" என்றேன். சிரித்துவிட்டு அனுப்பிவைத்தார். இப்படி எலும்போடும் உருண்டையோடும் ஓடிக்கொண்டிருந்த என் வாழ்க்கையில்தான், பெரியோர்களே, இரண்டு பெண்கள் இரண்டு பக்கமும் நின்று, ஒரு பெரும் போரைத் தொடங்கினார்கள்.

யார் அந்த இருவர்? ஒருவர் என் மனைவி. இன்னொருத்தி என் உடன்பிறந்த தங்கை. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே ஏழாம் வகுப்பு. மனைவி கணக்கு, தங்கை அறிவியல். அதோ, மூன்றாம் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்களேதான். நான் பேசி முடித்ததும் யாராவது என்னைப் பத்திரமாக வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

என் மனைவிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'மணி டீச்சர்'. ஏன்? எதையும் கையில் கொடுத்துத்தான் சொல்லித் தருவார். கூட்டலுக்கும் மணி, கழித்தலுக்கும் மணி. பச்சை மணி என்றால் கூட்டல் எண். சிவப்பு மணி என்றால் கழித்தல் எண். ஒரு பச்சையும் ஒரு சிவப்பும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். மிச்சம் இருப்பது விடை. எவ்வளவு எளிது! எவ்வளவு இனிது! வாயால் ஆயிரம் முறை சொன்னாலும் ஏறாத கணக்கு, விரலால் ஒருமுறை தொட்டால் ஏறிவிடும் என்பது அவர் கட்சி.

என் தங்கைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'டச் டீச்சர்'. அவளுக்குத் தொடுதிரைதான் துணை. இதயம் துடிப்பதைத் திரையில் காட்டுவாள். எரிமலை வெடிப்பதைத் திரையில் காட்டுவாள். விதை முளைத்து வேர்விட்டு வெளிச்சம் தேடுவதை, ஒரு பாடவேளைக்குள் கண்முன் நிறுத்துவாள். பாடம் முடிந்ததும் ஒரு விளையாட்டு. திரையில் ஒரு வாக்கியம் வரும். கீழே இரண்டு வட்டங்கள். வாக்கியம் சரி என்றால் பச்சை வட்டத்தைத் தொட வேண்டும். தவறு என்றால் சிவப்பு வட்டத்தைத் தொட வேண்டும். பிள்ளைகள் யோசிக்காமல் ஒரே பக்கத்தைத் தொட்டுவிடக் கூடாது என்று, வட்டங்கள் ஒவ்வொரு முறையும் இடம் மாறி மாறி வரும்.

மாலையில் வீடு திரும்பினால் சாப்பாட்டு மேசையில் சண்டை தொடங்கும்.

"அண்ணி, இன்னும் எத்தனை காலத்துக்கு இந்த மணியை உருட்டிட்டு இருப்பீங்க? உருண்டு கீழ விழுந்தா பாதி வகுப்பு பெஞ்சுக்கு அடியில தேடிட்டு இருக்கு."

"தேடட்டுமே. குனிஞ்சு நிமிர்ந்தா உடம்புக்கு நல்லதுதான். உன் திரைக்குக் கரண்ட் போனா நீ என்ன பண்ணுவே? பாடத்தையே மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்புவார்கள். "நீங்க சொல்லுங்க" என்பார் மனைவி. "அண்ணா, நீ சொல்லு" என்பாள் தங்கை. நான் என்ன சொல்வேன்? மணியும் என் கடையில் வாங்கியது. திரையும் என் கடையில் வாங்கியது! "எனக்குப் பசிக்குது" என்பேன்.

சிரித்தது போதும். இனிச் சொல்லப்போவதைச் சற்றுச் செவிசாய்த்துக் கேளுங்கள்.

அந்த ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவனிடமும் அவன் அம்மாவிடமும் அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். வகுப்பில் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'எட்டிப்பாத்தான்'. என்ன காரணம்? கையில் மணியைக் கொடுத்தால் பக்கத்துப் பையனின் கையை எட்டிப் பார்ப்பான். திரையின் முன்னால் நிறுத்தினால் திரும்பி நண்பர்களின் முகத்தை எட்டிப் பார்ப்பான். அப்படிப் பார்த்தும் பாதி தவறாகத்தான் போகும். மணிக் கணக்கில் தடுமாறுவான். திரை விளையாட்டில் திணறுவான்.

ஆனால் எழுத்துத் தேர்வு வந்தால்? அங்கேதான் வியப்பு! கணக்கில் முழு மதிப்பெண். அறிவியலில் அதற்கு அடுத்தபடி. துணைக்கருவி இல்லாவிட்டால் முதல் மாணவன். துணைக்கருவி வந்துவிட்டால் கடைசி மாணவன்! படிப்பை எளிதாக்கத்தானே கருவி? இவனுக்கு மட்டும் அது ஏன் பாதையில் போட்ட பாறாங்கல் ஆனது?

முதலில் என் வீட்டில் வழக்கமான போர் நடந்தது.

"உங்க மணிதான் அவனைக் குழப்புது அண்ணி. எல்லாத்தையும் உருட்டி உருட்டிக் காட்டி, பையன் பயந்தே போயிட்டான்."

"என் மணியா? உன் விளையாட்டுலதான் அவன் முழிக்கிறான். வட்டம் ஓடிட்டே இருந்தா எந்தப் பிள்ளைதான் நிதானமா யோசிக்கும்?"

இப்படிக் கொஞ்ச நாள் ஓடியது. அதற்குள் பள்ளிகளுக்கு இடையிலான வினாடி வினாப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். எழுத்துத் தேர்வு வைத்தார்கள். எட்டிப்பாத்தான்தான் முதலில் வந்தான். அவனுக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவள் யார் தெரியுமா? வழக்கமாக வகுப்பில் முதலாவதாக வரும் பெண். அவ்வளவுதான், ஆசிரியர் அறையில் ஒரு முணுமுணுப்பு முளைத்தது. எப்போதும் எட்டிப் பார்க்கிறவன், அன்றைக்கு மட்டும் எட்டிப் பார்க்காமலா இருந்திருப்பான்?

அவையோரே, என் மனைவியும் என் தங்கையும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. திரைச்சீலை நிறத்தில் ஒத்துப்போனதில்லை; தேநீருக்குச் சர்க்கரையில் ஒத்துப்போனதில்லை. அன்றுதான் முதன்முதலாக ஒத்துப்போனார்கள். எதில்? அந்தப் பையன் காப்பி அடிக்கிறான் என்பதில்! ஒற்றுமை உயர்ந்ததுதான். ஆனால் அன்று அந்த ஒற்றுமை எனக்குப் பிடிக்கவில்லை. கருவிகள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் நின்று சண்டை போட்டவரைக்கும் பையன் தப்பித்தான். கருவிகள் இரண்டும் கை கோத்துக்கொண்டதும் பையன் குற்றவாளி ஆகிவிட்டான்.

தலைமையாசிரியை கண்டிப்பானவர், ஆனால் காதுகொடுத்துக் கேட்காமல் தண்டிக்காதவர். "அவன் அம்மாவை வரச் சொல்லுங்க. நேராவே கேட்டுடுவோம்" என்றார்.

அந்த அம்மா வந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? தலைமையாசிரியையின் அறையிலேயேதான் இருந்தேன். ஏணியின் உச்சியில்! கூரையில் ப்ரொஜெக்டர் மாட்டிக்கொண்டிருந்தேன். வாயில் இரண்டு திருகாணி, கையில் திருப்புளி. கீழே தலைமையாசிரியை, என் மனைவி, என் தங்கை என்று பஞ்சாயத்து கூடிவிட்டது. இறங்கினால் ஏணி கிறீச்சிடும். இறங்காவிட்டால் ஒட்டுக் கேட்ட பழி வரும். என்னை யாரும் கவனிக்கவே இல்லை. கூரையோடு கூரையாக, ப்ரொஜெக்டரோடு ப்ரொஜெக்டராக ஒட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மா பேருந்து ஓட்டுநர். சீருடையோடு, கையில் வண்டிச் சாவியோடு, அடுத்த வண்டி எடுப்பதற்கு இடையில் ஓடி வந்திருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"என் பையன் காப்பி அடிச்சதை யாரு பாத்தீங்க?"

"நாங்க குத்தம் சொல்லலம்மா. கேக்குறோம்" என்றார் தலைமையாசிரியை.

"கேக்குறது வேற மேடம், கூப்பிட்டு நிக்க வைக்கிறது வேற. அவன் மூணு நாளா சரியா சாப்பிடல. ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குறான். 'அம்மா, நான் திருடன் இல்லம்மா'ங்கிறான். திருடன்னு அவனை யாரு சொன்னது?"

தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒன்று என்றால், பேருந்தை ஓட்டும் தாயும் சிங்கம்தான்; பெருங்கடலில் கப்பல் ஓட்டும் தாயும் சிங்கம்தான்! பையன் அம்மாவின் பின்னால் நின்று தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவன் யாரையும் எட்டிப் பார்க்கவில்லை.

"வாய்க் கணக்கு கேக்குறேன், பதில் சொல்லுப்பா" என்றார் தலைமையாசிரியை. "மைனஸ் ஏழோட ப்ளஸ் நாலு?"

"மைனஸ் மூணு மேடம்."

"மைனஸ் அஞ்சோட ப்ளஸ் ஒன்பது?"

"நாலு."

கேட்ட வேகத்தில் பதில் வந்தது. இன்னும் கடினமாகக் கேட்டார். கேள்வி முடியும் முன்பே பதில் முடிந்துவிட்டது! அறையில் எட்டிப் பார்க்க யார் இருந்தார்கள்? எந்த முதல் மாணவி இருந்தாள்? ஏணி மேல் இருந்த ஒரே ஆள் நான். கணக்கில் நான் யார் என்று என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள். கேட்க வேண்டாம், அதோ அவரே தலையாட்டுகிறார்.

தலைமையாசிரியை என் மனைவியைப் பார்த்தார். என் மனைவியின் முகத்தில் குழப்பம். இவ்வளவு தெரிந்தவன் வகுப்பில் ஏன் தடுமாறுகிறான்? கைப்பையைத் திறந்தார். மணிப்பையை எடுத்தார். மேசையில் கவிழ்த்தார். சிவப்பும் பச்சையும் கலகலவென்று சிதறி ஓடின.

"மைனஸ் ஏழை மணியில எடுத்து வைப்பா."

ஏழு சிவப்பு மணியை எடுக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையும் செய்துவிடும் வேலை. அந்தப் பையன் கை நீட்டினான். நீட்டிய கை மணிகளின் மேல் அப்படியே நின்றது, நீச்சல் தெரியாதவன் குளக்கரையில் நிற்பதுபோல. இடப்பக்கம் பார்த்தான், சுவர். வலப்பக்கம் பார்த்தான்; அலமாரி. பிறகு ஒவ்வொன்றாக ஏழு மணிகளை எடுத்து வரிசையாக வைத்தான்.

சிவப்பு, பச்சை, சிவப்பு, சிவப்பு, பச்சை, பச்சை, சிவப்பு.

"நல்லா பாருப்பா. சிவப்பு மட்டும் எடு."

"சிவப்பு மட்டும்தான் எடுத்தேன் டீச்சர்."

என் மனைவி மணிகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் அந்தப் பிள்ளை மெதுவாகக் கேட்டான்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா? மத்தவங்கல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? எல்லா மணியும் ஒரே நிறமாத்தானே இருக்கு? நானும் ரொம்ப நாளா உத்து உத்துப் பாக்குறேன். எனக்கு அந்த வித்தை வரவே இல்ல. அதான் பக்கத்துல இருக்கவன் எதை எடுக்குறான்னு பாப்பேன்."

பெரியோர்களே! தாய்மார்களே! அவன் பார்த்தது விடையை அல்ல. நிறத்தை! அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறந்ததிலிருந்தே ஒன்று. உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும், ஆனாலும் அவர்களுக்கு ஏதோ ஒரு சாமர்த்தியம் இருக்கிறது, தனக்கு மட்டும் அது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். எத்தனை நாள் அந்தச் சின்ன நெஞ்சு தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொண்டிருக்கும்! மணிக்கும் அவனுக்கும் பகையா? இல்லை. திரைக்கும் அவனுக்கும் பகையா? இல்லை. பழைய கருவியும் சிவப்பிலும் பச்சையிலும் பேசியது. புதிய கருவியும் சிவப்பிலும் பச்சையிலும் பேசியது. அந்த மொழி மட்டும் அவன் கண்ணுக்குக் கேட்கவில்லை.

அதுவரை நின்றுகொண்டிருந்த அந்த அம்மா, அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கடவுளே... என் தம்பிக்கும் இப்படித்தான் மேடம். ஒரு தடவை வீட்டு கேட்டுக்குப் பச்சை பெயிண்ட் அடிக்கிறேன்னு கிளம்பினான். சாயங்காலம் வந்து பாத்தா, பாதி கேட்டு பச்சை, பாதி கேட்டு பிரவுனு! ரெண்டு டப்பாவையும் மாத்தி மாத்தி அடிச்சிருக்கான். நாங்க எல்லாம் சேந்து, 'குடிச்சிட்டு அடிச்சியாடா'ன்னு அவனைத் திட்டுனோம். பாவம், 'நல்லாத்தானே அக்கா இருக்கு'ன்னு நின்னான்."

சொல்லிக்கொண்டே சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு சட்டென்று பயம் வந்துவிட்டது. வண்டி ஓட்டுகிறவர் அல்லவா? மகனைத் திருப்பி நிறுத்தி, "டேய், ரோட்டுல சிக்னல் எப்படிடா பாத்துக் கடக்குற?" என்றார்.

"அது ஈஸிம்மா. மேல எரிஞ்சா நிக்கணும், கீழ எரிஞ்சா போகணும். டச் டீச்சர் விளையாட்டுலதான் எடம் மாறிட்டே இருக்கும்."

என் தங்கை பேச்சுக்குப் பெயர் போனவள். அன்று அவள் கைதான் பேசியது. செல்போனை எடுத்தாள். மேசையில் கிடந்த மணிகளைப் படம் பிடித்தாள். அந்தப் படத்திலிருந்து வண்ணத்தை நீக்கினாள். நீக்கியதும் சிவப்பும் காணோம், பச்சையும் காணோம். எல்லாம் ஒரே சாம்பல் உருண்டைகள். அவன் கண்ணுக்கு அப்படியே சாம்பலாகத் தெரியாதுதான். ஆனால் பிரித்தறிய முடியாமல் தவிப்பது எப்படி இருக்கும் என்று புரிய அது போதுமே!

"அண்ணி, இதுல சிவப்பு எதுன்னு சொல்லுங்க" என்று நீட்டினாள்.

என் மனைவி பார்த்தார். உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியை எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவிடம் அல்ல, முதலில் அந்தப் பையனிடம் குனிந்தார். "உன்னைச் சந்தேகப்பட்டது தப்புப்பா. மன்னிச்சிடு" என்றார். பிறகு அம்மாவிடமும் சொன்னார். பதவி பெரிதா, பண்பு பெரிதா என்று பட்டிமன்றம் வைக்கிறார்களே, அதற்கு நான் அன்று ஏணி மேலிருந்தே தீர்ப்புப் பார்த்துவிட்டேன்.

என்ன தம்பி, கை தூக்குகிறீர்களே? ஏணியிலிருந்து எப்போது இறங்கினேனா? எல்லாரும் போன பிறகு. கால் மரத்துப்போய், தலைமையாசிரியைதான் பிடித்து இறக்கிவிட்டார். "நீங்க இங்கதான் இருந்தீங்களா?" என்றார். "இல்லைங்க மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

கண் மருத்துவரிடம் போனார்கள். அவர் புள்ளிப் படங்களைக் காட்டிச் சோதித்துவிட்டு, "இது வளர்ற நோய் இல்லம்மா. பார்வை கெட்டுப் போகாது. சில நிறங்களைப் பிரிச்சுப் பாக்க வராது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துல சொல்லி வைங்க" என்றாராம். கண்ணாடி இல்லை, மருந்தும் இல்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லி வைப்பதுதான் சிகிச்சை! கேட்டீர்களா?

இனி என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். அன்று மாலை அங்கே சண்டை இல்லை. என் மனைவி தையல் பெட்டியைத் திறந்து சட்டைப் பொத்தான்களைக் கொட்டினார். வட்டப் பொத்தான் கூட்டல். சதுரப் பொத்தான் கழித்தல். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். என் தங்கை எதிரில் உட்கார்ந்து தன் விளையாட்டைப் பிரித்தாள். பச்சை வட்டத்துக்குள் 'சரி' என்று எழுதினாள். சிவப்பு வட்டத்துக்குள் 'தவறு' என்று எழுதினாள்.

"அண்ணி, இந்த எழுத்து பெருசா தெரியுதா, பின் பெஞ்சுலேர்ந்து?"

"இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணு. ஏய், இந்தப் பொத்தானைக் கண்ணை மூடிட்டுத் தொட்டுப் பாரு. சதுரம் தெரியுதா?"

"தெரியுது அண்ணி. ஆனா இன்னொண்ணு மழுங்கியிருக்கு, அதை எடுத்துருங்க."

நான் ஓரமாக நின்று பார்த்தேன். "நீங்க சொல்லுங்க" என்று என்னை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஒருபக்கம் நிம்மதி, ஒருபக்கம் வருத்தம்.

எட்டிப்பாத்தானுக்குப் பள்ளியில் புதுப் பதவி கிடைத்தது. எந்த வகுப்பில் எந்தப் படம் மாட்டினாலும், எந்தத் திரைப்பாடம் தயாரித்தாலும், முதலில் அவன் பார்த்துச் சொல்ல வேண்டும். வகுப்பு வகுப்பாகப் போனான். உலக வரைபடத்தின் முன் நின்று, "டீச்சர், இந்த நாடும் பக்கத்து நாடும் ஒண்ணா சேந்துடுச்சு" என்றான். ஒரு துப்பாக்கி வெடிக்காமல், ஒரு துளி இரத்தம் சிந்தாமல், நாடுகளை இணைத்தவன் உலக வரலாற்றில் அவன் ஒருவன்தான்! அந்த எல்லைகளில் கறுப்புக் கோடு வரைந்தோம். பழத்தின் படத்தைப் பார்த்து, "இது காயா, பழமா?" என்று கேட்டான். பக்கத்தில் எழுதி வைத்தோம். என் கடைக்கும் ஒரு விடுமுறை நாளில் அவனை அழைத்துப் போனேன். அவன் கை காட்டிய படங்களையெல்லாம் அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பி, கோடும் புள்ளியும் போட்டு வாங்கினேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, இதோ, போட்டி நாளுக்கு வந்துவிட்டேன்.

ஆம், போட்டி! அவனைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய அரங்கம். பல பள்ளிகள். ஒவ்வொரு குழுவின் முன்னாலும் ஒரு மேசை, மேசை மேல் இரண்டு பொத்தான்கள். நிகழ்ச்சி நடத்துபவர் ஒலிபெருக்கியில் விளக்கினார்: "முதல் சுற்று, சரியா தவறா. சரின்னா பச்சையை அமுக்கணும், தவறுன்னா சிவப்பை அமுக்கணும்."

பொத்தானில் எழுத்து இல்லை! அடையாளம் இல்லை! நிறம் மட்டும்தான்!

பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் இருந்த என் மனைவி பதறி எழுந்தார். என் தங்கை அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "இருங்க அண்ணி. அவனே எந்திரிக்கிறான் பாருங்க."

எழுந்தான். அத்தனை பேர் முன்னால், அவ்வளவு பெரிய மேடையில், அந்தச் சின்னப் பையன் எழுந்தான்.

"ஐயா, எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பொத்தான் மேல எழுதி வைக்க முடியுங்களா?"

அரங்கம் திகைத்தது. நடத்துபவர் அவன் மேசைக்கு வந்தார். "உங்க குழுவுல பக்கத்துல இருக்கவங்களை அமுக்கச் சொல்லலாமே தம்பி?" என்றார், அன்பாகத்தான்.

"சொல்லலாங்க ஐயா. ஆனா பக்கத்துல பாத்துப் பாத்துதான் எனக்குக் கெட்ட பேரு வந்துச்சு."

அரங்கமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள், மேடையின் மறுகோடியில் இன்னொரு நாற்காலி நகரும் ஓசை கேட்டது. வேறொரு பள்ளியின் குழு. அதில் உயரமான ஒரு மாணவன், முகமெல்லாம் சிவந்துபோய், மெல்ல எழுந்து நின்றான்.

"ஐயா... எனக்கும் எழுதி வைங்க."

அந்தப் பையனின் ஆசிரியர் முன்வரிசையிலிருந்து பாய்ந்து மேடையருகே போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் மேல் உயிரை வைத்திருக்கும் நல்ல மனிதர். "டேய், உனக்குமா? இத்தனை வருஷமா என்கிட்டத்தானே படிக்கிற? ஏன்டா என்கிட்ட சொல்லல?"

அந்த உயரமான பையன் சொன்னான்.

"நீங்க கேக்கலையே சார்."

அவையோரே! அந்த மூன்று சொற்களை நான் இன்றுவரை சுமந்துகொண்டு திரிகிறேன். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை அவன். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான்.

நடத்துபவர் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஒவ்வொரு மேசையாகப் போய், ஒவ்வொரு பொத்தானிலும் தாள் ஒட்டி, 'சரி' என்றும் 'தவறு' என்றும் தானே எழுதினார். ஓட்டுநர் அம்மா அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றிருந்தார். அவர் தட்டிய கைதட்டல், அத்தனை கைதட்டலையும் தாண்டிக் கேட்டது.

யார் வென்றார்கள் என்றுதானே கேட்கிறீர்கள், அக்கா? எங்கள் பையன் குழு இரண்டாம் இடம். முதலிடம் அந்த உயரமான பையனின் குழு! "எழுதி வைக்கச் சொன்னதே நான்தான், கோப்பை அவங்களுக்கா?" என்று எங்கள் ஆள் வண்டியில் வரும்போது புலம்பிக்கொண்டே வந்தான். வண்டியிலிருந்து இறங்கும்போது அந்த உயரமான பையனின் தொலைபேசி எண் அவன் கையில் எழுதியிருந்தது.

வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே! இந்தக் கண்காட்சியில் கரும்பலகை இருக்கிறது, கணினி இருக்கிறது. களிமண்ணில் செய்த மலை இருக்கிறது, கண்ணாடித் திரையில் ஓடும் நதி இருக்கிறது. பழையது சிறந்ததா, புதியது சிறந்ததா? கடைக்காரன் நான் சொல்கிறேன்: எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். ஆனால் வாங்கி மாட்டிய பிறகு, விளக்கைப் போட்ட பிறகு, பாடத்தைத் தொடங்கும் முன்பு, ஒருமுறை வகுப்பைத் திரும்பிப் பாருங்கள். கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை இருக்கும். கண்ணுக்கு எட்டாத பிள்ளை இருக்கலாம், காதுக்கு எட்டாத பிள்ளை இருக்கலாம், எட்டவில்லை என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளையிடம் போங்கள். பக்கத்தில் குனியுங்கள். "உனக்கு இது எப்படித் தெரியுதுப்பா?" என்று கேளுங்கள். சரியா தவறா என்று கேட்கும் முன், எப்படித் தெரிகிறது என்று கேளுங்கள்! அந்தக் கேள்வியை எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. எந்தக் கடையிலும் அது விற்பனைக்கு இல்லை. என் கடையிலும் இல்லை. அது உங்களிடம்தான் இருக்கிறது. உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது!

பொறுமையோடு செவிகொடுத்த பெரியோர்க்கும், புன்னகையோடு பொறுத்துக்கொண்ட தாய்மார்க்கும், கண்காட்சிக்குக் கண்ணுறங்காமல் உழைத்த பிள்ளைகளுக்கும், மேடை தந்து மேன்மை செய்த தலைவர் அவர்களுக்கும், மூன்றாம் வரிசையில் இன்னும் எழுந்து போகாமல் இருக்கும் என் இரு ஆசிரியைகளுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. மேசைகள் காத்திருக்கின்றன, பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். போய்ப் பாருங்கள், தொட்டுப் பாருங்கள், கேட்டுப் பாருங்கள். வாழ்க நீங்கள், வளர்க உங்கள் வகுப்பறைகள். வணக்கம்!